விழுந்த மானும் நீண்ட வழியும்: வேட்டையுடலைக் காட்டிலிருந்து கொண்டுவரும் முறைகள்

மான் வேட்டை பற்றிய கைநூல்களில் பெரும்பாலானவை துப்பாக்கியின் வகை, தோட்டாவின் எடை, மானின் நடமாட்டம், காற்றின் போக்கு ஆகியவற்றுக்கு அதிகாரம் அதிகாரமாக இடம் ஒதுக்கிவிட்டு, சுடப்பட்ட மானைக் காட்டிலிருந்து வெளியே கொண்டுவரும் வேலையைக் கடைசிச் சில பக்கங்களில் முடித்துவிடுகின்றன. ஆனால் வேட்டையில் செலவாகும் உடலுழைப்பின் பெரும்பகுதியும், இறைச்சி உண்ணத் தக்கதாக வீடு வந்து சேருமா என்பதை முடிவு செய்யும் காரணங்களில் பலவும், வேட்டைக்காரருக்கு நேரக்கூடிய ஆபத்துகளில் கணிசமானவையும் விசையை அழுத்திய பிறகே தொடங்குகின்றன. வட அமெரிக்காவின் வெண்வால் மானை முதன்மையாகவும், ஸ்காட்லாந்தின் செம்மான், ஜெர்மனியின் சிறுமான், அலாஸ்காவின் மூஸ் ஆகியவற்றை ஒப்பீட்டுக்காகவும் எடுத்துக்கொண்டு அந்தப் பிற்பகுதி வேலையை இக்கட்டுரை ஆராய்கிறது. இந்நிலங்களின் பட்டறிவை ஒருங்கே வைத்துப் பார்த்தால் ஒரு முடிவு வலுப்படுகிறது: ஒரு மானைச் சுடலாமா என்னும் கேள்விக்கான விடை, அது எவ்வளவு தொலைவில் நிற்கிறது என்பதைப் பொறுத்திருக்கும் அளவுக்கு, அது விழப்போகும் இடத்திலிருந்து பாதை எவ்வளவு தொலைவு, பொழுது எவ்வளவு மிச்சம், வெயில் எவ்வளவு என்பவற்றையும் பொறுத்திருக்கிறது.

வெண்வால் மான், ஓடும்போது வாலை நிமிர்த்தி அதன் அடிப்புற வெண்மையைக் காட்டுவதால் அப்பெயர் பெற்றது. 19ஆம் நூற்றாண்டில் நடந்த சந்தை வேட்டை, அதாவது இறைச்சியையும் தோலையும் நகரங்களில் விற்பதையே தொழிலாகக் கொண்ட வேட்டை, ஐக்கிய அமெரிக்காவில் அதன் எண்ணிக்கையை 1900 அளவில் ஏறத்தாழ 5 லட்சமாகக் குறைத்துவிட்டது. அவ்வாண்டில் இயற்றப்பட்ட லேசி சட்டம் சட்டத்துக்கு மாறாகக் கொல்லப்பட்ட விலங்குகளை மாநில எல்லை தாண்டி விற்பதைத் தடுத்தது. 1937ஆம் ஆண்டின் பிட்மன்–ராபர்ட்சன் சட்டம் துப்பாக்கி, தோட்டா ஆகியவற்றின் மீதான வரியைக் காட்டுயிர் மீட்புக்குத் திருப்பிவிட்டது. இன்று அங்கு சுமார் 3 கோடி வெண்வால் மான்கள் இருப்பதாகவும், ஆண்டுதோறும் சுமார் 60 லட்சம் வேட்டையாடப்படுவதாகவும் மதிப்பிடப்படுகிறது. இந்த வரலாறு சுமை தூக்கும் வேலையோடு நேரடியாகத் தொடர்புடையது. காட்டு மானின் இறைச்சியை விற்பது அங்கே தடைசெய்யப்பட்டிருப்பதால், வேட்டையாடுபவரே கசாப்புக்காரராகவும் சுமைதூக்கியாகவும் தம் வீட்டுச் சமையலறைக்குப் பொறுப்பாளராகவும் இருக்க நேர்கிறது. ஐரோப்பாவில் வேட்டை இறைச்சி கடைக்கு வருகிறது. ஆகவே அங்கே பயிற்சி பெற்ற ஒருவர் உடலைச் சோதிப்பதும், பெரிய விலங்கின் இறைச்சியை 7 பாகை செல்சியசுக்கு மேற்படாமல் குளிர்விப்பதும் சட்டக் கடமைகளாக உள்ளன. அமெரிக்க வேட்டைக்காரருக்கு அத்தகைய மேற்பார்வை எதுவும் இல்லாததால் எல்லாம் அவருடைய அறிவையும் அக்கறையையும் நம்பியே இருக்கிறது.

எடையைப் பற்றிய தெளிவு முதலில் தேவை. வடக்கே மிச்சிகன், மெய்ன் போன்ற மாநிலங்களில் முழு வளர்ச்சி பெற்ற ஆண்மான் 100 கிலோவைத் தாண்டுவது அரிதன்று. தெற்கே ஃபுளோரிடாவின் தீவுகளில் வாழும் கீ மான் அதில் மூன்றிலொரு பங்கை எட்டினாலே பெரிது. குடலை நீக்கிய பின் உயிரெடையில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு குறைகிறது. எலும்பையும் தோலையும் தலையையும் கழித்தால் மிஞ்சும் சுத்த இறைச்சி உயிரெடையில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் போவதில்லை. தோட்டாவால் சிதைந்த பகுதியையும் வெட்டி எறிந்தால் இன்னும் குறையும். அதாவது 80 கிலோ மான், குடல் நீக்கியதும் 63 கிலோ அளவிலான இழுவைச் சுமையாகவும், முழுவதும் அறுத்தபின் சுமார் 30 கிலோ முதுகுச் சுமையாகவும் மாறுகிறது. அலாஸ்காவின் ஆண் மூஸ் 500 கிலோவுக்கும் மேல் எடையுள்ளது. அதிலிருந்து 225 கிலோ அளவுக்கு இறைச்சி கிடைக்கும். ஒருவர் ஒரு நடையில் 35 கிலோ சுமந்தால் ஆறேழு நடை ஆகும். ஒவ்வொரு நடைக்கும் திரும்பி வரும் வழியும் உண்டு என்பதால் பாதையிலிருந்து 3 கிலோமீட்டர் தொலைவில் விழுந்த மூஸுக்காக ஒரு மனிதர் 40 கிலோமீட்டர் அளவுக்கு நடக்க வேண்டிவரும். ஆற்றிலிருந்தோ பாதையிலிருந்தோ ஒரு மைலுக்கு அப்பால் நிற்கும் மூஸைச் சுடக்கூடாது என்று அங்குள்ள மூத்த வேட்டைக்காரர்கள் சொல்வது இந்தக் கணக்கிலிருந்து பிறந்ததே.

இக்கணக்கை மனத்தில் கொண்டு பார்த்தால், காத்திருக்கும் இடத்தைத் தேர்வதும் சுமக்கும் வேலையின் ஒரு பகுதியே ஆகிவிடுகிறது. மானின் முதல் காவல் அதன் மோப்பம். ஆகவே வேட்டைக்காரர் காற்றுக்கு எதிர்ப்புறம், அதாவது காற்று மானிடமிருந்து தம்மை நோக்கி வரும் பக்கம் அமர்வார். மலைச்சரிவுகளில் இது நேரத்துக்கு நேரம் மாறும்: வெயில் ஏற ஏறக் காற்று சூடாகி மேல்நோக்கி எழும், மாலையில் குளிர்ந்து பள்ளத்தை நோக்கி இறங்கும். எனவே பகலில் மேட்டிலும் அந்தியில் தாழ்விலும் காத்திருப்பது வழக்கம். அந்தியில் தாழ்விலிருப்பதால் மனித வாடை மறைகிறது என்பது ஒரு நன்மை என்றால், அதே தாழ்வில் விழும் மானை இருட்டில் மேட்டுக்கு ஏற்ற வேண்டியிருக்கும் என்பது அதன் விலை. பாதை சரிவின் அடியில் ஓடினால் கவலையில்லை. முகட்டில் ஓடினால், அந்திப்பொழுதை விட்டுவிட்டு விடியற்காலையில் வேட்டையாடுவதே அறிவு. காலையில் விழும் மானுக்கு முழுப் பகலும் கிடைக்கிறது என்பதை இளம் வேட்டைக்காரர்கள் போதுமான அளவு எண்ணிப்பார்ப்பதில்லை.

மரப்பரண் பற்றியும் ஒரு சொல் தேவை. தரைக்கு மேலே அமர்ந்தால் பார்வை விரியும், மனித வாடை ஓரளவு மேலேயே மிதந்துபோகும் என்பதால் வட அமெரிக்காவில் பரண் பெருவழக்காகிவிட்டது; ஆனால் பரணிலிருந்து விழுவது அங்கு வேட்டைக்காலக் காயங்களின் தலையாய காரணங்களுள் ஒன்று. மார்பையும் தொடையையும் சுற்றிப் பிணைக்கும் முழுவுடல் பட்டையைத் தரையிலேயே அணிந்து, ஏறும்போதே மரத்தோடு கட்டிக்கொள்ள வேண்டும். துப்பாக்கியைக் குண்டு நீக்கிக் கயிற்றில் கட்டிப் பின்னரே மேலே இழுக்க வேண்டும். பெரும்பாலான மாநிலங்கள் துப்பாக்கி வேட்டைக் காலத்தில் பளிச்சிடும் செம்மஞ்சள் மேலாடையைக் கட்டாயமாக்கியுள்ளன. மானின் கண்ணில் சிவப்பை உணரும் கூம்பணுக்கள் இல்லாததால் அந்நிறம் மனிதருக்குக் கத்துவதுபோல் மானுக்குக் கத்துவதில்லை.

சுடும் கணத்தைப் பற்றிய நூல்கள் ஏராளமாக இருப்பதால் அதை விரிக்கத் தேவையில்லை. மான் பக்கவாட்டில் நிற்கையில் முன்காலுக்குச் சற்றுப் பின்னே, உடலின் கீழ் மூன்றிலொரு பங்கில் இதயமும் நுரையீரலும் உள்ள இடமே குறி என்பதில் கருத்து வேறுபாடில்லை. அக்குறி கருணையின் பொருட்டும் சரியானது, இறைச்சியின் பொருட்டும் சரியானது: மான் விரைவில் சாகிறது, இரத்தம் மார்புக்கூட்டிலேயே வடிந்துவிடுகிறது, தொடைக்கறியும் முதுகுக்கறியும் கெடுவதில்லை.

சுட்டபின் காத்திருப்பதுதான் கற்றுக்கொள்ளக் கடினமானது. அடிபட்ட மான் பெரும்பாலும் நின்ற இடத்திலேயே விழுவதில்லை. நூறு மீட்டர் ஓடிப் படுத்துக்கொள்ளும். உடனே பின்தொடர்ந்தால் அது எழுந்து இன்னும் ஒரு கிலோமீட்டர் ஓடலாம். அந்த ஒரு கிலோமீட்டரும் பிற்பாடு இழுத்துவர வேண்டிய தொலைவாகச் சேரும். அடிபட்ட இடத்தில் கிடைக்கும் தடயமே எவ்வளவு காத்திருக்க வேண்டும் என்பதைச் சொல்லும். இளஞ்சிவப்பாக, சிறு குமிழிகளோடு இலையில் படிந்திருக்கும் இரத்தம் நுரையீரலைக் குறிக்கும். அரைமணி நேரம் போதும். கருஞ்சிவப்பு ஈரலைக் குறிக்கும். மூன்று நான்கு மணி நேரம் தேவை. பச்சை கலந்த நீர்மமும் அரைபட்ட புல்லும் புளித்த வாடையும் தென்பட்டால் தோட்டா இரைப்பையைத் துளைத்திருக்கிறது; ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் விட வேண்டும். இங்கேதான் இரண்டு கடமைகள் மோதுகின்றன. இரவு உறைபனி என்றால் விடியும்வரை விடலாம். வெப்பமான இரவென்றால் விடியும்போது இறைச்சி போயிருக்கும். இந்த மோதலுக்கு ஐரோப்பா கண்ட தீர்வு மோப்ப நாய். ஜெர்மன் மொழி வழங்கும் நாடுகளில் பல மணி நேரம் பழைய இரத்தத் தடத்தையும் தொடரவல்ல, நீண்ட வாரில் பிடிக்கப்படும் தனி இனங்கள் வளர்க்கப்படுகின்றன. அடிபட்ட விலங்கைத் தேடிக் கண்டுபிடிப்பது அங்கே வேட்டைக்காரரின் கடமைகளுள் ஒன்று. அமெரிக்க மாநிலங்கள் பலவும் அண்மைக்காலங்களில் வார் பூட்டிய தடநாயை அனுமதித்துள்ளன. அனைத்தும் அனுமதிப்பதே முறையாகும், ஏனெனில் கண்டுபிடிக்கப்படாத மானே வேட்டையின் மிகப் பெரிய வீணடிப்பு.

மானை நெருங்கும்போது பின்புறமிருந்து சென்று, கண்ணின் மேற்பரப்பை நீண்ட குச்சியால் தொட்டுப் பார்த்து, அசைவில்லை என்று உறுதியான பின்னரே கை வைக்க வேண்டும். பல மாநிலங்களில் உடலை நகர்த்துமுன் அனுமதிச் சீட்டை அதன் கொம்பிலோ காதிலோ கட்டியாக வேண்டும். அதற்குப் பின் குடல் நீக்கும் வேலை. ஸ்காட்லாந்தில் இதற்குக் கிராலக் என்று கேலிக் மொழிப் பெயர் வழங்குகிறது.

மானை மல்லாத்தி, தலை சற்று மேட்டிலிருக்குமாறு கிடத்துகிறார்கள். நெஞ்செலும்பின் கீழ்முனையில் தோலைக் கிள்ளித் தூக்கி ஒரு விரலளவு கீறி, அந்தக் கீறலுக்குள் இடக்கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் நுழைத்து வயிற்றுச் சுவரை மேல்நோக்கி உயர்த்திப் பிடித்து, அவ்விரு விரல்களின் நடுவே கத்தியின் கூர்விளிம்பை வானம் பார்க்க வைத்து இடுப்பெலும்பு வரை மெல்ல நகர்த்துகிறார்கள். விரல்கள் இரைப்பையைக் கீழே அழுத்தி வைத்திருப்பதால் கத்தி முனை அதைத் தொடாது. கத்தியைக் கீழ்நோக்கிப் பிடித்து அறுப்பவர் பத்தில் சிலமுறையாவது இரைப்பையைக் கிழித்துவிடுவார். அப்போது பொங்கி வரும் பச்சைச் சேறு உட்புறக் கறியைக் கெடுத்துவிடும். பின் மலவாயைச் சுற்றி வட்டமாக அறுத்து, கழிவு சிந்தாதபடி கயிற்றால் இறுகக் கட்டி உள்ளே இழுத்துக்கொள்வார்கள். சிறுநீர்ப்பையை அழுத்தாமல் எடுக்க வேண்டும். மார்பறையையும் வயிற்றறையையும் பிரிக்கும் தசைத்திரையான உதரவிதானத்தை விலா எலும்பின் ஓரமாகவே அறுத்து, கையை முழங்கை வரை மார்புக்குள் விட்டு மூச்சுக்குழலைப் பற்றி, அதற்கு மேலே அறுத்துப் பின்னோக்கி இழுத்தால் நுரையீரல், இதயம், ஈரல், இரைப்பை, குடல் அனைத்தும் ஒரே தொகுதியாக வெளிவந்துவிடும். பார்க்க முடியாத இடத்தில் கத்தி வேலை செய்யும் இக்கட்டத்தில்தான் கைக்காயங்கள் மிகுதி; வில் வேட்டையாளருக்கு இன்னொரு அபாயமாக, முறிந்த அம்பின் அலகு மார்புக்குள்ளேயே கிடக்கக்கூடும். கடைசியில் மானைக் குப்புறப் புரட்டித் தேங்கிய இரத்தத்தை வடியவிடுவார்கள்.

இம்முறையின் சில நுணுக்கங்களில் கருத்து வேறுபாடு உண்டு. கழுத்தறுத்து இரத்தம் வடிப்பது பழைய பழக்கம்; இதயம் நின்ற விலங்கில் அதனால் பயனில்லை, மார்பில் சுடப்பட்டது ஏற்கெனவே வடிந்துவிட்டது என்பதால் அதைக் கைவிடலாம். பின்னங்காலின் உட்புறத்திலுள்ள வாசனைச் சுரப்பிகளை அறுத்தெடுக்க வேண்டும் என்பதும் அப்படியே: தொடாமல் விட்டால் அவை தீங்கு செய்வதில்லை, அறுத்த கத்தியும் கையும் கறியைத் தொட்டால்தான் வாடை ஏறும். உட்புறத்தைத் தண்ணீரால் கழுவலாமா என்பதே உண்மையான சர்ச்சை. ஓடை நீரில் கழுவினால் அதிலுள்ள நுண்ணுயிர்களும் ஈரமும் சேர்ந்து கறியை விரைவில் கெடுக்கும். ஆனால் இரைப்பை கிழிந்துவிட்ட உடலில் அழுக்கை அப்படியே விடுவதும் தவறு. குடிக்கத்தக்க நீர் கிடைத்தால் கழுவி உடனே துடைத்து உலர்த்துவது, கிடைக்காவிட்டால் மாசுபட்ட தசையைச் சீவி எறிவது என்பதே இரண்டுக்கும் இடைப்பட்ட சரியான வழி.

குடலை உடனே நீக்க வேண்டியதன் காரணம் வெப்பம். உயிருள்ள மானின் உடல்வெப்பம் 38 முதல் 39 பாகை செல்சியஸ். கறியைக் கெடுக்கும் நுண்ணுயிர்கள் 4 பாகைக்கு மேல் விரைந்து பெருகும். செரிமானம் நடந்துகொண்டிருக்கும் இரைப்பை இறந்தபின்னும் சூட்டை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். குளிர்காலத்தில் மானுக்கு முளைக்கும் உள்ளீடற்ற மயிர் உயிரோடிருக்கையில் அதைக் காப்பது போலவே இறந்தபின் சூட்டைப் பூட்டி வைக்கும். வெளியே தரை உறைந்திருந்தாலும் தொடையெலும்பை ஒட்டிய ஆழமான கறி உள்ளிருந்தே அழுகத் தொடங்கலாம். பனியின் மேல் கிடத்தினால் போதும் என்று நம்புவதும் பிழை. பனி காப்புப்பொருளாகவும் இருப்பதால், தரையைத் தொடும் பக்கம் ஆறாமலேயே கிடக்கும். விலாவைக் குச்சியால் விரித்து வைத்து, உடலைத் தரையிலிருந்து தூக்கி, காற்று எல்லாப் பக்கமும் படச் செய்வதே வழி. மறுபுறம், தசைவிறைப்பு முடியுமுன் கறியை உறையவைத்தால் நார்கள் சுருங்கி இறைச்சி கடினமாகிவிடும்; எனவே 0 முதல் 4 பாகைக்குள் சில நாட்கள் தொங்கவிட்டுப் பதப்படுத்துவது நல்ல பலன் தரும். அந்த வெப்பநிலையை உறுதிப்படுத்த முடியாதவர்கள் தொங்கவிடுவதை மறந்துவிட்டு, அறுத்துக் குளிர்பெட்டியில் வைப்பதே நல்லது. அமெரிக்கக் கார்க்கொட்டகைகளில் ஒரு வாரம் தொங்கிக் கெட்ட மான்களுக்கு, ‘குளிர்காலம்தானே’ என்ற ஊகமே காரணம்.

வெப்பத்தின் கடுமையை மிகத் தெளிவாகக் காட்டும் விலங்கு தமிழ் வாசகர்கள் நன்கறிந்த புள்ளிமான்தான். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்படும் இம்மான், 1860களின் பிற்பகுதியில் ஹவாயின் மொலோகாய் தீவுக்கும் 1932இல் டெக்சஸுக்கும் கொண்டுசெல்லப்பட்டு அங்கே பெருகிவிட்டது. வெளியிலிருந்து வந்த இனம் என்பதால் டெக்சஸில் அதற்கு வேட்டைப்பருவ வரையறை இல்லை. 35 பாகை வெயிலிலும் வேட்டை நடக்கிறது. அங்கே வேட்டைக்காரர் வண்டியில் பனிக்கட்டிப் பெட்டியில்லாமல் புறப்படுவதே இல்லை. உறைந்த நீர்ப்புட்டிகளை மார்புக்கூட்டுக்குள் அடைத்து, மணிக்கணக்கை விட்டு நிமிடக்கணக்கில் குளிர்நிலையம் சேர்கிறார்கள். அத்தகைய வெயிலில் வண்டி செல்லாத இடத்தில் நிற்கும் மானைச் சுடாமல் விடுவது தவிர வேறு நேர்மையான முடிவு இல்லை.

இனி இழுவை. சமதரையிலும் பனியிலும் குடல் நீக்கிய மானைத் தரையோடு இழுத்துவருவதே மிகப் பழைய முறை. எளியது, ஆனால் செய்யும் விதத்தில் நுட்பம் இருக்கிறது. தலை முன்னே வருமாறு இழுக்க வேண்டும். அப்போதுதான் மயிர் படிந்த திசையிலேயே உடல் வழுக்கும், பின்னோக்கி இழுத்தால் ஒவ்வொரு மயிரும் தடையாக நிற்கும். முன்னங்கால்களை மடக்கிக் கழுத்தோடு அல்லது கொம்போடு கட்டிவிட்டால் புதரில் சிக்காது. கயிற்றைக் குட்டையாக விட்டால் இழுக்கும்போது தலையும் தோளும் தரையிலிருந்து சற்று எழும். நீளமாக விட்டால் முழு எடையும் மண்ணை உழும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாமல், ஒரு முழக் கட்டையில் கட்டியோ தோள்பட்டை வாரில் மாட்டியோ இழுத்தால் கை மரத்துப்போகாது. பாதி வழியில் விலாத்திறப்பு வழியே சருகும் மண்ணும் புகும் என்பதால் நீண்ட இழுவைக்கு வயிற்றுக் கீறலைச் சிறிதாக விடுவோரும், நெஞ்செலும்பை வீடு சேர்ந்தபின்னரே பிளப்போரும் உண்டு; அது சரியான முன்யோசனை. வளையும் பிளாஸ்டிக் விரிப்பில் மானைச் சுருட்டிக் கட்டி இழுத்தால் உராய்வு வெகுவாகக் குறையும். பாறையும் வேரும் நிறைந்த வழியில் இரு சக்கரத் தள்ளுவண்டி உதவும். ஏரிகள் சூழ்ந்த மினசோட்டா வடபகுதியில் கனூ என்னும் சிறு துடுப்புப் படகு இவையனைத்தையும் விஞ்சும். அங்கே நிலத்தில் ஒரு நாள் ஆகும் சுமை நீரில் ஒரு மணியில் கரை சேர்ந்துவிடும். மானை முழுதாகத் தோளில் போட்டுச் சுமப்பதை மட்டும் எவரும் பரிந்துரைப்பதில்லை: புதருக்கு மேலே கொம்பும் தோலும் அசைவதைக் கண்டு மற்றொரு வேட்டைக்காரர் சுட்டுவிடலாம். இழுக்கும்போதுகூடத் தலையில் செம்மஞ்சள் துணியைச் சுற்றிவைப்பதும், துப்பாக்கியில் குண்டில்லாமல் பார்த்துக்கொள்வதும் அதே காரணத்தால்தான்.

இழுப்பவரின் உடலைப் பற்றிப் பேச வேண்டும். ஆண்டு முழுவதும் நாற்காலியில் அமர்ந்திருந்து, நவம்பர் குளிரில் கனத்த உடையோடு 60 கிலோவை மேட்டில் இழுக்கும் நடுவயது மனிதரின் இதயம் மிகக் கடினமான சோதனைக்கு ஆளாகிறது. மிச்சிகனில் 25 ஆண்களின் உடலில் மின்னிதயவரைவுக் கருவியைப் பொருத்தி வேட்டையின்போது கண்காணித்த ஆய்வொன்று 2007இல் வெளியானது; அவர்களில் பெரும்பாலோர் இதயத் தமனி நோயுள்ளவர்கள். மருத்துவமனையின் ஓடுபட்டைச் சோதனையில் எட்டிய உச்ச இதயத்துடிப்பைவிட அதிகமான துடிப்பை வேட்டைக் களத்தில் எட்டியவர்கள் அவர்களிடையே இருந்தார்கள். கண்முன் மான் தோன்றும் பரபரப்பு, குளிரில் சுருங்கும் இரத்தக்குழாய், தம்பிடித்து இழுக்கும் உழைப்பு மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக வருவதே இதன் ஆபத்து. இருபது அடி இழுத்தால் நின்று மூச்சு வாங்குவது, வியர்க்குமுன் மேலாடையைக் கழற்றுவது, இரண்டு பேர் மாறி மாறி இழுப்பது, ஐம்பதைத் தாண்டியவர் பருவத்துக்கு முன்பே மருத்துவரைப் பார்ப்பது ஆகியவை எந்தக் கருவியைவிடவும் பயனுள்ள அறிவுரைகள். துணைக்கு ஆள் இல்லாதவர் சுடும் தொலைவைக் குறைத்துக்கொள்வதுபோலவே இழுக்கும் தொலைவையும் குறைத்துக்கொள்ள வேண்டும்.

எந்திரமும் விலங்கும் எவ்வளவு உதவலாம் என்பது நிலத்தையும் சட்டத்தையும் பொறுத்தது. ஐக்கிய அமெரிக்காவின் 1964ஆம் ஆண்டு வனாந்தரச் சட்டத்தின்கீழ் ஒதுக்கப்பட்ட பகுதிகளில் மோட்டார் வண்டி மட்டுமின்றி எந்திரவகைப் போக்குவரத்து எதற்கும் இடமில்லை. மனிதர் கையால் தள்ளும் சக்கரவண்டியும் அதில் அடங்கும். அங்கே குதிரை, கோவேறு கழுதை, மனித முதுகு போன்றவையே வழி. ஸ்காட்லாந்தின் மேட்டுநிலத்தில் செம்மானைச் சுமக்க மட்டக்குதிரைகள் தலைமுறைகளாகப் பழக்கப்பட்டு வந்துள்ளன. இரத்தவாடைக்கு மிரளாதபடி பயிற்றப்பட்ட குதிரையின் அகன்ற சேணத்தின் குறுக்கே மானைக் கிடத்தி, கொம்பு விலாவில் குத்தாதவாறு தலையைத் திருப்பி வாரால் இறுக்குவார்கள். இவ்வேலை செய்யும் உதவியாளருக்குக் கில்லி என்று பெயர். எட்டுச் சக்கரங்களோடு சதுப்பிலும் செல்லும் ஆர்கோகேட் வண்டி வந்தபின் பல பண்ணைகள் குதிரையைக் கைவிட்டன. ஆயினும் மென்மையான கரிச்சேற்று நிலத்தில் வண்டித்தடம் ஆண்டுக்கணக்கில் ஆறாத வடுவாகத் தங்குவதால் குதிரையையே வைத்திருக்கும் பண்ணைகள் இன்றும் உள்ளன. நிலத்தின் நலனை எண்ணினால் அவர்கள் பக்கமே நியாயம் அதிகம். ஓநாய் அற்றுப்போன அந்நாட்டில் மானின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தி இளமரங்களைக் காப்பதற்கென்றே குளிர்காலத்தில் பெண்மான்கள் பெருமளவில் சுடப்படுகின்றன. அந்தக் குறுகிய பகற்பொழுதில் எத்தனை மான் கொண்டுவர முடியுமோ அத்தனையே சுடப்பட வேண்டும் என்பது நல்ல வேட்டைப் பொறுப்பாளர்களின் விதி. ஜெர்மனியின் சிறுமானோ குடல் நீக்கினால் பெரும்பாலும் 15 கிலோவைத் தாண்டாது. கழுவத்தக்க உட்பையுள்ள முதுகுப்பையில் அதைப் போட்டுக்கொண்டு ஒருவர் நடந்தே வந்துவிடலாம்.

பாதை மிகத் தொலைவானால் உடலை விழுந்த இடத்திலேயே பிரிப்பது தவிர வழியில்லை. ஐக்கிய அமெரிக்காவின் மேற்கு மலைத்தொடர்களில் எல்க், மூஸ் ஆகிய பெரிய மான்களின் வேட்டையிலிருந்து பரவிய ‘குடல் திறவா முறை’ இன்று வெண்வால் மானுக்கும் கையாளப்படுகிறது. மானை ஒருபக்கம் சாய்த்துப் படுக்கவைத்து, முதுகெலும்பை ஒட்டித் தோலைக் கீறி வயிற்றை நோக்கி உரித்து, மேலே தெரியும் முன்சப்பை, பின்தொடை, முதுகுக்கறி, கழுத்துக்கறி ஆகியவற்றை எடுத்துக் காற்றுப் புகும் பருத்திப்பைகளில் இட்டுத் தொங்கவிட்டு, பின் மறுபக்கம் புரட்டி அதையே செய்கிறார்கள். வயிற்றைத் திறக்காததால் இரைப்பை கிழியும் அச்சமில்லை, தோல் உடனே நீங்குவதால் சூடும் விரைவில் தணியும். முதுகெலும்பின் உட்புறம் கிடக்கும் மெல்லிய உள்முதுகுக்கறியைக் கடைசி விலாவுக்குப் பின்னால் சிறு திறப்பிட்டு எடுக்க வேண்டும். சோம்பேறித்தனத்தால் அதை விட்டுச் செல்பவர் உடலின் மிக மென்மையான கறியை எறிகிறார். நெகிழிப்பையில் கறியை அடைப்பது தவறு, சூடும் ஈரமும் உள்ளேயே தங்கும். பல மேற்கு மாநிலங்கள் ஆணா பெண்ணா என்பதற்கான உடற்சான்று ஒரு தொடையோடு இயல்பாக ஒட்டியிருக்க வேண்டும் என்று விதித்துள்ளதால், அறுக்குமுன் விதியைப் படித்திருக்க வேண்டும். அலாஸ்காவின் சட்டம் இவ்விஷயத்தில் முன்மாதிரியானது: உண்ணத்தக்க கறி முழுவதையும் மீட்காமல் விடுவது அங்கே குற்றம், கறிக்கு முன்பாகக் கொம்பைக் களத்திலிருந்து எடுத்துச் செல்லவும் கூடாது. கொம்பு கடைசி நடையில்தான் வர வேண்டும் என்னும் அவ்விதியைப் பின்பற்றாத நிலங்களும் பின்பற்றத் தொடங்கலாம். அலாஸ்காவின் கோடியாக் தீவில் பழுப்புக் கரடிகள் இரத்தவாடையைத் தொடர்ந்து வருவதால், பிரித்த கறியைக் குடற்குவியலிலிருந்து வெகுதூரம் நகர்த்தி, தொலைவிலிருந்தே தெரியும் திறந்தவெளியில் வைக்கிறார்கள். மறுநடைக்குத் திரும்பும்போது கரடி வந்திருக்கிறதா என்று நெருங்குமுன்பே பார்த்துக்கொள்ள இது உதவும்.

எலும்பைக் காட்டிலேயே விட்டுவரும் இம்முறைக்கு ஒரு நோய் புதிய அவசியத்தை அளித்துள்ளது. 1967இல் கொலராடோ மாநிலத்தில் வளர்ப்பு மான்களிடம் முதலில் காணப்பட்ட நாட்பட்ட மெலிவு நோய், பிரியான் எனப்படும் பிறழ்ந்த புரதத்தால் உண்டாகி மூளையைச் சிதைப்பது, மருந்து கிடையாது. இன்று அது பல அமெரிக்க மாநிலங்களிலும் கனடாவிலும் பரவியிருக்கிறது; 2016இல் நார்வேயின் காட்டுக் கலைமானிடமும் கண்டறியப்பட்டது. மனிதருக்குத் தொற்றியதாக இதுவரை உறுதிசெய்யப்படவில்லை என்றாலும், நோயுள்ள மானின் கறியை உண்ண வேண்டாம் என்று ஐக்கிய அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் அறிவுறுத்துகிறது. பிரியான் மூளை, தண்டுவடம், நிணநீர்க் கணுக்கள் ஆகியவற்றில் செறிந்து, மண்ணில் ஆண்டுக்கணக்கில் அழியாமல் கிடக்கும் என்பதால், தொற்றுப் பகுதியிலிருந்து முழு உடலையும் கொண்டுபோய் வேறிடத்தில் எலும்பை எறிவது நோயைக் கையோடு எடுத்துச் செல்வதற்குச் சமம். ஆகவே பல மாநிலங்கள் எலும்பு நீக்கிய கறி, சுத்தம் செய்த மண்டையோடு, தோல் ஆகியவற்றை மட்டுமே எல்லை தாண்ட அனுமதிக்கின்றன. முதுகெலும்பை அறுவாளால் பிளக்கும் பழைய கசாப்பு முறையைக் கைவிட்டு, தசையை எலும்பிலிருந்து கத்தியால் பிரிப்பது, கையுறை அணிவது, தலையின் நிணநீர்க்கணுவைச் சோதனைக்குக் கொடுத்து முடிவு வரும்வரை கறியைத் தனியாக வைப்பது ஆகியவை இப்பகுதிகளில் இன்றியமையாதவை.

களத்தில் விட்டுவரும் மிச்சத்துக்கும் ஒரு பொறுப்பு உண்டு. குடற்குவியலைக் காக்கையும் நரியும் கழுகும் சில நாட்களில் தீர்த்துவிடும். அது காட்டுக்கே திரும்பும் உணவு. ஆனால் ஈயத்தோட்டா உடலுக்குள் நுழையும்போது நூற்றுக்கணக்கான நுண்துகள்களாகச் சிதறுவதால், குடலோடு ஈயமும் பறவையின் வயிற்றில் சேர்கிறது. அழிவின் விளிம்பிலிருந்து மீட்கப்பட்ட கலிபோர்னியாவின் பெருங்கழுகான காண்டோரின் சாவுக்கு ஈயநஞ்சே முதன்மைக் காரணங்களுள் ஒன்று. அம்மாநிலம் 2019 ஜூலை முதல் எல்லா வேட்டைக்கும் ஈயத்தோட்டாவைத் தடைசெய்தது. டென்மார்க் 2024இல் துப்பாக்கித் தோட்டாக்களில் ஈயத்தை விலக்கியது. செம்புத்தோட்டா சற்று விலை கூடியது, குறி பழகச் சில வாரங்கள் ஆகும். ஆனால் அது துகளாகச் சிதறுவது மிகக் குறைவு என்பதால் காயத்தைச் சுற்றிலும் அகலமாக வெட்டி எறிய வேண்டிய கறி குறைகிறது, வீட்டுக் குழந்தைகளின் தட்டிலும் ஈயம் விழுவதில்லை. தடைவிதி இல்லாத மாநிலங்களிலும் அதற்கு மாறிக்கொண்ட வேட்டைக்காரர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். ஈயத்தோட்டாவை இன்னும் விடாதவர் குடற்குவியலையும் தோட்டா பாய்ந்த சதையையும் ஆழக் குழிதோண்டிப் புதைக்க வேண்டும்; உறைந்த மண்ணில் குழி தோண்ட முடியாத இடமென்றால், அவற்றையும் பையில் கட்டித் தம் சுமையோடு சேர்த்து வெளியே கொண்டுவர வேண்டும்.